மூச்சு விடும் டிவி, விலாவில் கேசட்: பாடி ஹாரரும் ஊடகப் பயமும்

கருப்புத்திரை:
12 நிமிட பாடி ஹாரர் (உடலே சிதைந்து உருமாறும் உடல் திகில்) குறும்படம், கிராஃபிக்ஸ் வேண்டாம் என்று முடிவு. இரவுச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்டி டிவி மெல்ல மூச்சு விடத் தொடங்குகிறது. திரை உப்பி, பார்ப்பவரின் முகத்தை நோக்கி வருகிறது. கடைசியில் அவர் விலாவில் ஒரு பிளவு, அதற்குள் கேசட் போகிறது.

எனக்கு மூன்று கேள்விகள். உப்பும் திரையை எதில் செய்வது? பிளவு எத்தனை டேக் தாங்கும்? இதையெல்லாம் 1983-லேயே கனடா இயக்குநர் டேவிட் குரோனன்பெர்க் ‘வீடியோட்ரோம்’ படத்தில் செய்துவிட்டாரே, ஊடகம் ஆபத்து என்று சொல்ல இன்றும் இந்தப் படிமம் செல்லுமா?

அச்சுவார்ப்பு:
முதலில் திரை, மற்றதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் படத்தில் மேக்கப் கலைஞர் ரிக் பேக்கர் குழு பயன்படுத்தியது பல் மருத்துவர்கள் பல்லைத் தனிமைப்படுத்த மாட்டும் மெல்லிய ரப்பர் தாள் வகை. அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன் மேல் வீடியோவை புரொஜெக்டரால் விழவைத்து, பின்னாலிருந்து தள்ளினார்கள். இன்றும் இதைவிட எளிய வழி கிடையாது. நீங்கள் வாங்க வேண்டியது 0.3 முதல் 0.5 மி.மீ. தடிமனுள்ள இயற்கை லேட்டக்ஸ் தாள். இதைவிட மெலிந்தால் நகம் பட்டதும் கிழியும்.

ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கிழிசலின் தொடக்கம். ஒட்டுப்பலகையில் ஒரே அளவில் இரண்டு சட்டம் வெட்டி, நடுவே தாளை வைத்து, தாளுக்கு வெளியே போகிற மாதிரி 5 செ.மீ.க்கு ஒரு போல்ட் போட்டு இறுக்குங்கள். உள் விளிம்பை உப்புத்தாளால் உருட்டையாக்குவது கட்டாயம். தாளை எல்லாப் பக்கமும் சுமார் 10% இழுத்துக் கட்டினால் போதும். அதற்கு மேல் இழுத்தால் உப்புவதற்கு மிச்சம் இருக்காது, விட்டுக் கட்டினால் ஓரங்களில் சுருக்கம் விழுந்து துணி என்று காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் புரொஜெக்டர்தான். பின்னாலிருந்து படம் விழுந்தால், தள்ளுகிற கை ஒளியை மறைத்து, உப்பும் இடத்திலேயே கறுப்பு நிழல் விழும். சரி என்று ஷார்ட் த்ரோ (கிட்டத்திலிருந்தே பெரிய படம் விழவைக்கும்) புரொஜெக்டரை அடியில் வைத்தால், திரை 15 செ.மீ. முன்னால் வந்ததுமே படம் ஃபோகஸ் இழந்து பிதுங்கும். தூரத்திலிருந்து விழும் ஒளிக்குத்தான் ஃபோகஸ் ஆழம் அதிகம். அதனால் சாதாரண புரொஜெக்டரை கேமராவுக்குப் பக்கவாட்டில், 25–30 டிகிரி விலக்கி, முன்பக்கத்திலிருந்தே விழவையுங்கள். சாய்வை மெனுவில் சரிசெய்துகொள்ளலாம். நடிகரின் நிழல் திரையில் விழாத கோணத்தை ஒத்திகையில் தேடிப் பிடிக்க வேண்டும், வேறு வழியில்லை.

இயற்கை லேட்டக்ஸ் தேன் நிறம். படம் மஞ்சளடிக்கும், புரொஜெக்டரிலேயே நீலத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். உட்பக்கம் முழுக்க டால்கம் பவுடர் தடவுங்கள், தள்ளுகிற கை வழுக்கிக்கொண்டு போகும். வாசலின் பக்கமே போகாதீர்கள், எண்ணெய் பட்ட லேட்டக்ஸ் இளகி இற்றுவிடும். நடிகர் முகம் பதிக்கப் போகிறார் என்றால் லேட்டக்ஸ் ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே கேட்டாக வேண்டும். இருந்தால் 0.8 மி.மீ. சிலிகான் தாளுக்கு மாறுங்கள். அது எளிதில் கிழியும் என்பதால் மூன்று தாள் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

நூல்பாவை:
பெட்டி மூச்சு விடுறதுக்கு நான் சொல்றேன். மொத்தப் பெட்டியும் அசையணும்னு நினைக்காதீங்க. பக்கவாட்டுப் பலகை ரெண்டு, மேல்பலகை, ஸ்பீக்கர் பகுதி, இந்த நாலு இடம் அசைஞ்சா போதும். அந்த இடத்தை வெட்டி எடுத்துட்டு, அதே மரக்கோடு பதிஞ்ச சிலிகான் தோலைப் போடுங்க. அசல் பலகை மேலயே அச்சு எடுத்தா மரக்கோடு தானா வந்துடும்.

உள்ளே காற்றுப்பை. பலூனை அப்படியே வெச்சா அது எங்க மெலிசா இருக்கோ அங்க மட்டும் கட்டி மாதிரி புடைக்கும். பலூனை நீட்சி இல்லாத துணிப் பைக்குள்ள போடுங்க, அப்ப பை எவ்வளவோ அவ்வளவுதான் உப்பும். 1980-களின் தொடக்கத்துல டிக் ஸ்மித், ராப் பாட்டின், பேக்கர்னு மேக்கப் கலைஞருங்க எல்லாருமே தோலுக்கு அடியில காற்றுப்பை வெச்சுத்தான் பேர் வாங்கினாங்க. வித்தை பழசு, ஆனா இன்னைக்கும் கண்ணை ஏமாத்தும்.

சின்னப் பைக்கு 60 மி.லி. சிரிஞ்ச், பெரிய பலகைக்கு சைக்கிள் பம்ப் இல்ல மெத்தைக்குக் காத்தடிக்கிற மிதிபம்ப். குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல போகக் கூடாது. நீளம் கூடினா நீங்க அழுத்துறதுக்கும் பலகை அசையறதுக்கும் நடுவுல இடைவெளி விழுந்து மூச்சு திக்கும். துல்லியமா வேணும்னா குழாயில தண்ணி நிரப்புங்க, தண்ணி அமுங்காது. ஆனா புரொஜெக்டர், கரண்ட் பக்கத்துல தண்ணிக் குழாய் வேண்டவே வேண்டாம்.

மனுஷன் நிமிஷத்துக்கு 12–20 தடவை மூச்சு விடுவான். டிவியை எட்டு ஒன்பதுல வையுங்க. உள்ள இழுக்க ரெண்டு செகண்ட், ஒரு செகண்ட் நிறுத்தம், வெளிய விட நாலு செகண்ட். அந்த நிறுத்தம்தான் உயிர். மோட்டார் போட்டா அது வராது, கைதான் வேணும்.

பின்வரிசை:
செய்முறை அருமை. ஆனால் கேள்வியின் மூன்றாம் பகுதியை யாரும் தொடவில்லை. ‘வீடியோட்ரோம்’ காட்டுவது போல டிவி பார்த்தால் மூளையில் கட்டி, வயிற்றில் ஓட்டை என்பதெல்லாம் ‘ஊடகம் ஊசி மாதிரி உள்ளே ஏற்றும்’ என்ற பழைய கோட்பாட்டின் சினிமா வடிவம். அந்தக் கோட்பாடு ஆட்டம் கண்டு பல காலமாகிறது. 1938 அக்டோபர் 30 அன்று சிபிஎஸ் வானொலியில் செவ்வாய்வாசிகள் படையெடுப்பு நாடகம் ஒலிபரப்பாகி அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது என்பார்கள். பீதியைப் பெரிதாக ஊதியது, விளம்பர வருமானத்தை வானொலியிடம் இழந்துகொண்டிருந்த செய்தித்தாள்கள். 1957-ல் சந்தை ஆய்வாளர் ஜேம்ஸ் விகாரி சினிமாத் திரையில் கண்ணுக்குத் தெரியாத விளம்பரம் காட்டி பாப்கார்ன் விற்பனையைக் கூட்டியதாகச் சொன்னார். 1962-ல் அவரே அது விளம்பரத்துக்காகச் சொன்னது என்று ஒப்புக்கொண்டார். ஊடகத்தைப் பற்றிய பயமே ஊடகத்துக்கு நல்ல சரக்கு. உங்கள் படமும் அதே சரக்காகிவிடக் கூடாதே?

இரைச்சல்:
பின்வரிசை, ‘வீடியோட்ரோம்’ படத்தைக் கொஞ்சம் சுருக்கிவிட்டீர்கள். அதில் ஆபத்து நிகழ்ச்சியில் இல்லை. சேதம் செய்வது சிக்னல், அதை வெறும் டெஸ்ட் பேட்டர்னுக்கு (நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் டிவியில் நிற்கும் சோதனைப் படம்) அடியிலும் அனுப்பலாம் என்று வசனத்திலேயே வருகிறது. வன்முறைக் காட்சி தூண்டில் மட்டும்தான்.

இது நேராக ஊடகக் கோட்பாட்டாளர் மார்ஷல் மக்லூஹனிடமிருந்து வருகிறது. அவர் டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர், படம் எடுக்கப்பட்டதும் அதே ஊரில். 1964-ல் வந்த தன் புத்தகத்தில் ஒவ்வொரு கருவியும் உடலின் நீட்சி என்றார். சக்கரம் காலின் நீட்சி, மின்வலை நரம்பு மண்டலத்தின் நீட்சி. பலரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் அடுத்து சொன்னதுதான் உடல் திகில்: நீட்டப்பட்ட உறுப்பு ஒரு வகையில் துண்டிக்கப்பட்டதும்கூட, அந்த இடம் மரத்துப்போகும். குரோனன்பெர்க் இதை உவமையாக எடுத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கியிலிருந்து கம்பிகள் துளைத்துக்கொண்டு கைக்குள் போகின்றன, கை துப்பாக்கியாகிறது. கோட்பாட்டைச் சதையில் எழுதிக்காட்டியதுதான் அந்தப் படத்தின் சாதனை.

அதில் வரும் ஊடகப் பேராசிரியர் டிவியில் மட்டுமே தோன்றுவார். ஆள் எப்போதோ இறந்துவிட்டார், பதிவு செய்துவைத்த கேசட்டுகள் பேசிக்கொண்டிருக்கின்றன. மக்லூஹன் 1979-ல் பக்கவாதத்தால் பேச்சை இழந்து 1980 டிசம்பர் 31-ல் காலமானார். அடுத்த ஆண்டு படப்பிடிப்பு. இதை அறிந்து பார்த்தால் அந்தப் பாத்திரம் வேறு மாதிரி உறைக்கும்.

இன்னொன்று. ஊசிக் கோட்பாடு செத்தது என்பதால் ஊடகம் அப்பாவி ஆகிவிடாது. தொடர்பியல் ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் 1960-களின் இறுதியில் தொடங்கிய ஆய்வுகள் காட்டியது, அதிகம் டிவி பார்ப்பவர்கள் உலகம் இருப்பதைவிட ஆபத்தானது என்று நம்புகிறார்கள் என்பதை. அவர்கள் வன்முறையில் இறங்குவதில்லை, பயந்து கதவைப் பூட்டுகிறார்கள். உங்கள் இரவுச் செய்தி பார்ப்பவர் அந்த ஆள்தான்.

பின்வரிசை:
கெர்ப்னரை ஒத்துக்கொள்கிறேன், அதிலும் விளைவின் அளவு சிறியது என்ற விமர்சனத்தோடு. ஆனால் ‘நிகழ்ச்சி முக்கியமில்லை, சிக்னல்தான்’ என்பதை ஏற்க மாட்டேன். 1994 ருவாண்டா இனப்படுகொலையின்போது ஆர்டிஎல்எம் வானொலி ஆட்களின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கொலைக்கு அனுப்பியது. 2003-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் அதன் பொறுப்பாளர்களைத் தண்டித்தது. அங்கே சொன்ன சொல்தான் கொன்றது. வானொலி என்ற கருவி அல்ல.

இரைச்சல்:
இதற்கு மறுப்பு இல்லை. மக்லூஹன் உள்ளடக்கத்தை ஒதுக்கியது மிகை என்றே நானும் நினைக்கிறேன். படமும் அந்த இடத்தில் சாமர்த்தியமாக நழுவுகிறது: சிக்னலுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியும் ஏவுகணை வழிகாட்டியும் செய்கிற ஒரு கம்பெனியை வைத்துவிடுகிறது. யாரோ ஒருவர் அனுப்புகிறார் என்றானதும் அது சதிக் கதை. கருப்புத்திரை, உங்கள் கதையில் அனுப்புபவர் யார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நல்லது. செய்தி வாசிப்பவர் முகத்தை வில்லத்தனமாக்காதீர்கள். வானிலை, சந்தை நிலவரம், கீழே ஓடும் வரிகள், இவை போதும். சலிப்பூட்டும் செய்திக்கு நடுவே திரை உப்பினால்தான் உறைக்கும்.

அச்சுவார்ப்பு:
பிளவு. இதில் அளவு முக்கியம், காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பீட்டாமேக்ஸ் கேசட் 156 × 96 × 25 மி.மீ., விஎச்எஸ் சுமார் 187 × 103 × 25 (இரண்டும் அக்கால வீட்டு வீடியோ கேசட் வகைகள்). அந்தப் படத்திலும் விஎச்எஸ் நுழையவில்லை என்று பீட்டாமேக்ஸ் எடுத்தார்கள். பீட்டாவைக் குறுகிய பக்கமாக நுழைத்தால் சுற்றளவு 24 செ.மீ. ஒரு கோட்டுப் பிளவை விரித்தால் அதன் சுற்றளவு நீளத்தைப் போல இரண்டு மடங்கு. ஆக 12 செ.மீ. பிளவு இழுக்காமலே விழுங்கிவிடும், பார்க்க தபால் பெட்டி மாதிரி இருக்கும். 10 செ.மீ. வையுங்கள். உதடுகள் 20% நீண்டு கேசட்டைக் கவ்வும், அந்தக் கவ்வல்தான் காட்சி.

நடிகரின் உடலில் எதையும் ஒட்ட வேண்டாம். சோபாவின் முதுகிலும் இருக்கையிலும் பள்ளம் வெட்டி அவரை உள்ளே சாய்த்து, கழுத்துக்குக் கீழே பொய் உடலை வையுங்கள். கைகள் மட்டும் அவருடையவை. சட்டைக் காலர் இணைப்பை மறைக்கும். உடல் அச்சுக்கு அல்ஜினேட் (நீரில் கலந்தால் ரப்பர் போல இறுகும் தூள்), மேலே பிளாஸ்டர் பேண்டேஜ். அல்ஜினேட் காயக் காயச் சுருங்கும், அதனால் கழற்றியதும் உடனே பிளாஸ்டர் ஊற்றிவிடுங்கள். ஒரு விஷயம் கறாராக: கட்டிப் பிளாஸ்டருக்குள் யாருடைய கையையும் நேரடியாகப் புதைக்காதீர்கள். இறுகும்போது சூடு 60 டிகிரியைத் தொடலாம், சதை வெந்துவிடும்.

தோலுக்கு ஈகோஃபிளெக்ஸ் 00-30 போன்ற பிளாட்டினம் சிலிகான். 40 × 30 செ.மீ. பரப்பு, 7 மி.மீ. கனம் என்றால் 840 கன செ.மீ., எடையில் சுமார் 900 கிராம். பாத்திரத்தில் ஒட்டுவதையும் சேர்த்து ஏ, பி என்று வரும் இரு பாகங்களில் தலா 500 கிராம் கலக்குங்கள். 45 நிமிடம் ஊற்றும் பதத்தில் இருக்கும், 4 மணி நேரத்தில் இறுகும். நிறம் எடையில் 3%ஐத் தாண்டக் கூடாது.

இறுகாமல் பிசுபிசுவென்று நின்றால் காரணம் பெரும்பாலும் கந்தகம். லேட்டக்ஸ் கையுறை, கந்தகம் கலந்த களிமண், பழைய லேட்டக்ஸ் தூரிகை, இதில் ஏதாவது ஒன்று பட்டிருக்கும். திரைக்கு லேட்டக்ஸ், தோலுக்கு சிலிகான் என்று இரண்டும் ஒரே மேஜையில் நடக்கப் போவதால் உங்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. மேஜையைப் பிரித்துவிடுங்கள், சிலிகான் பக்கம் நைட்ரைல் கையுறை மட்டும்.

பிளவின் இரு முனைகளிலும் 5 மி.மீ. வட்ட ஓட்டை போட்டு, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே வெட்டுங்கள். கூர்முனையாக விட்டால் மூன்றாவது டேக்கில் தொப்புள் வரை கிழியும். உதட்டை ஒட்டி 4 செ.மீ. அகலத்துக்கு நீட்சியுள்ள வலைத்துணியை சிலிகானுக்குள்ளேயே புதைத்துவிட்டால் இருபது டேக் தாங்கும். உள்ளே 20 செ.மீ. ஆழத்தில் சிலிகான் பை, அதன் உட்சுவரில் ஈரமாக இருக்கும்போதே சிவப்பு ரேயான் இழைத் தூவல். கேமரா உள்ளே பார்த்தால் நரம்பு ஓடுவது போல இருக்கும். சிலிகான் மேல் சிலிகான் பெயின்ட் மட்டுமே ஒட்டும். அக்ரிலிக் உரிந்துவிடும்.

வெட்டுமேசை:
படம்பிடிக்கும்போது வரும் தலைவலிகள் சில.

அசல் பிக்சர் டியூப் டிவியை நீங்களே திறக்காதீர்கள். அணைத்த பிறகும் கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், கண்ணாடி உடைந்தால் உள்நோக்கி வெடித்துச் சிதறும். டியூபை மெக்கானிக்கைக் கொண்டு எடுத்துவிட்டு, வெற்றுப் பெட்டியை மட்டும் பயன்படுத்துங்கள்.

தொடக்கக் காட்சிகளுக்கு ஓடுகிற டிவி வேண்டுமென்றால் இன்னொரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பால் (PAL, இந்தியாவில் இருந்த டிவி ஒளிபரப்பு முறை) டிவி என்றால் கேமராவை வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்காவில் இருந்த முறை) என்றால் 29.97, 1/60. 24 ஃபிரேமில்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்தால் பாலுக்கு ஷட்டர் கோணம் 172.8, என்டிஎஸ்சிக்கு 144 டிகிரி. அப்போதும் மெல்லிய கோடு ஒன்று ஊர்ந்துகொண்டே இருக்கும். ‘வீடியோட்ரோம்’ காலத்தில் இதற்காகவே திரையில் ஓடும் வீடியோவை 24 ஃபிரேமுக்கு மாற்ற வேண்டியிருந்தது. புரொஜெக்டரில் டிஎல்பி வேண்டாம், சுழலும் நிறச் சக்கரம் கேமராவில் வானவில் பட்டையாக விழும். எல்சிடி வகை எடுங்கள்.

அடுத்தது, மேலே நடந்த வாதத்துக்கும் சேர்த்து. திரை உடலை நேரடியாகத் தாக்கிய ஒரு நிகழ்ச்சி உண்மையிலேயே உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் கார்ட்டூன் தொடரின் ஒரு அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு 12 தடவை மாறி மாறி மின்னின. சுமார் 685 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒளி தூண்டும் வலிப்பு. இங்கே உள்ளடக்கமே இல்லை, சிக்னல் மட்டும்தான்.

பாடி ஹாரர் எடுப்பவர்கள் எல்லோரும் உச்சக்கட்டத்தில் ஸ்ட்ரோப் (விட்டுவிட்டு மின்னும் ஒளி) போடுவார்கள். வரம்பு வினாடிக்கு மூன்று மின்னல். 25 ஃபிரேமில் ஒரு மின்னலின் தொடக்கத்துக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் குறைந்தது 9 ஃபிரேம் விடுங்கள், 24 ஃபிரேமிலும் அதே 9. மின்னும் பரப்பு திரையில் கால் பங்குக்குள் இருக்கட்டும். அடர் சிவப்பு மின்னல் எந்த அளவிலும் வேண்டாம். பட்டைபட்டையான கறுப்பு-வெள்ளை நெளிவும் இதே வகை ஆபத்து, டிவி இரைச்சலைச் செயற்கையாகச் செய்யும்போது பலர் அதைப் போட்டுவிடுகிறார்கள். தொடக்கத்தில் எச்சரிக்கை அட்டை போட்டுவிட்டோமே என்று வரம்பை மீறுவது சரியில்லை. தனக்கு அந்த வலிப்பு உண்டு என்றே தெரியாதவர்கள் நிறைய.

கருப்புத்திரை:
ஸ்ட்ரோப் இருந்தது, எடுத்துவிட்டேன். பீட்டாமேக்ஸ் கேசட்டும் 10 செ.மீ. பிளவும் முடிவு. இன்னும் ஒரு சந்தேகம்: இதையே கைப்பேசியாக மாற்றினால் பின்வரிசை சொன்ன பழமைக் குற்றச்சாட்டு போய்விடுமா?

பின்வரிசை:
பழமை என் குற்றச்சாட்டே அல்ல. பொய்யான காரண-காரியம்தான் என் பிரச்சினை. பார்ப்பவர் பயந்து ஒடுங்குகிறார் என்று காட்டினால் பெட்டி டிவியே எனக்குச் சரி.

நூல்பாவை:
கைப்பேசி வேண்டாம்ங்க. 8 மி.மீ. கனத்துல காற்றுப்பை, குழாய், தோல் எல்லாத்தையும் எங்க ஒளிக்கறது? உப்பினா பேட்டரி வீங்கிடுச்சுன்னுதான் ஜனங்க நினைப்பாங்க. பெட்டி டிவிக்கு வயிறு இருக்கு, அதான் அது மூச்சு விட்டா நம்பறோம்.

இரைச்சல்:
பெட்டி டிவிதான் சரி. கைப்பேசி ஏற்கெனவே கையோடு ஒட்டியிருக்கிறது, அதைச் சதையாக்கினால் புதிதாக எதுவும் சொன்னதாகாது.

அச்சுவார்ப்பு:
கடைசியாகக் கொழகொழப்பு, அதைக் கேட்க மறந்துவிட்டீர்கள். மெத்தில்செல்லுலோஸ் (நீரைக் கெட்டியாக்கும் தூள்), உணவுத் தரம். ஒரு லிட்டருக்கு 20–25 கிராம். குளிர்ந்த நீரில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டும், அது கரையவே கரையாது. 300 மி.லி. நீரை 80 டிகிரிக்குச் சுடவைத்து, தூளைத் தூவிக் கலக்கி, பிறகு 700 மி.லி. ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள். இது குளிரும்போதுதான் கரையும். ஒரு இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் காற்றுக்குமிழி போய்த் தெளியும். சுவருக்குக் காகிதம் ஒட்டும் பசை அதே பொருள்தானே என்று வாங்கிவிடாதீர்கள், அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கலாம், நடிகர் கை படும் இடம். விளக்குச் சூட்டில் அரைமணிக்குள் காய்ந்து படலமாக உரியும், அதனால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் அடியுங்கள். பிளவுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 2 லிட்டர் போகும். லேட்டக்ஸ் திரையிலும் தாராளமாகத் தடவலாம், எண்ணெய் கிடையாது.

கருப்புத்திரை:
இரண்டு நாள் படப்பிடிப்பு. 4 லிட்டரையும் முதல் இரவே கரைத்து வைக்கலாமா?

அச்சுவார்ப்பு:
ஃபிரிட்ஜில் இடமிருந்தால் வைக்கலாம். சிவப்பு நிறத்தை மட்டும் அன்றன்றைக்குச் சேருங்கள், இரண்டு நாளும் ஒரே நிறம் வர சொட்டுக் கணக்கை எழுதி மூடியில் ஒட்டுங்கள்.